மைக்செட் போன வழியே: மதுரை, தேனி, விருதுநகர்

ஏப்ரல் 12, 2024, வெள்ளி: மதுரை

பெரியார் பஸ் நிலையத்துக்கு வெளியே நின்ற ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து நாகூர் ஹனீபாவின் குரல், உதயசூரியனுக்கு வாக்குக் கேட்டு. மதுரையில் தி.மு.க. கூட்டணிக்கு மார்க்சிஸ்ட் வேட்பாளர் சு.வெங்கடேசன், சின்னம் அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். ஆனாலும் ஆட்டோவில் பாட்டு அதுதான். ஹனீபா 2015-இல் மறைந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் குரல் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

சினிமாவும் ஓட்டும் ஒரே தெருவில் புழங்கிய ஊர்களை, தேர்தல் நேரத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. 19-ஆம் தேதி வாக்குப்பதிவு, 17-ஆம் தேதி மாலை ஆறு மணியோடு பிரசாரம் முடிகிறது என்றதும் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. மீனாட்சி அம்மன் கோயிலில் இன்று சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம். மாசி வீதிகளில் கூட்டம் நெரிந்தது. கட்சிக் கரை வேட்டிகளும் மஞ்சள் புடவைகளும் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தன. கோபுரத்தை நெருங்கியதும் பிரசார ஆட்டோ ஒன்று தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. யாரும் சொல்லவில்லை. மதுரைக்காரர்களின் இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிக்குப் போனேன். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ ஓடிய தங்கம் தியேட்டர் இருந்த தெரு. 2,500 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. படம் வந்த தேதி அக்டோபர் 17. சரியாக இருபது வருடம் கழித்து, 1972-இல், அதே அக்டோபர் 17 அன்றுதான் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். கருணாநிதி எழுதிய ஒரு படத்தின் வசனம் தி.மு.க.வுக்கு நாக்கானது. ஒரு நடிகரின் முகம் இன்னொரு கட்சிக்குக் கொடியானது. இரண்டுக்கும் ஒரே தேதி என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அங்கே வண்டி நிறுத்தத்தில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். 1973-ஐப் பற்றிக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த மே 11-இல் எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தது. ஒன்பதே நாளில், மே 20-இல், திண்டுக்கல் இடைத்தேர்தல். படம் வெளியானால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டதாகவும், ரசிகர்கள் சேலை வாங்கிவைத்துக் காத்திருந்ததாகவும் மதுரையில் எல்லோரும் சொல்லும் கதையை அவரும் சொன்னார். இடைத்தேர்தலில் மாயத்தேவர் ஜெயித்தார். இரட்டை இலைக்கு அதுதான் முதல் வெற்றி.

“அப்ப நீங்களும் இலைக்குத்தானய்யா போட்டீங்க?” என்றேன்.

“எங்க ஊர் திண்டுக்கல் பக்கம் தம்பி. வாத்தியார் படத்தை எட்டுத் தடவை பார்த்தேன். ஓட்டு காமராசர் கட்சிக்குத்தான் போட்டேன். அது வேற, இது வேற.”

எட்டுத் தடவை பார்த்த ரசிகர், ஓட்டை வேறு பக்கம் போட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை. பருத்திப்பால் வாங்கித் தந்தார். பதினைந்து ரூபாய், நான் கொடுக்கப் போனதைத் தடுத்துவிட்டார். இரவு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, நாற்பது ரூபாய். பால்கோவாவும் ஐஸ்கிரீமும் கடற்பாசியுமாக ஒரு டம்ளர் உள்ளே போன பிறகுதான் அன்றைய வெயில் உடம்பை விட்டு இறங்கியது.

ஏப்ரல் 13, சனி: ஆண்டிபட்டி

ஆரப்பாளையத்தில் தேனி பஸ். உசிலம்பட்டியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ ஒரு தலைவரின் பிரசார வாகன வரிசை. ஒன்றரை மணி நேரம் அனல்காற்றில் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். ஜன்னலோரம் வெள்ளரிக்காய் விற்க வந்த அக்கா, கைக்குழந்தையோடு இருந்த பெண்ணுக்குக் காசு வாங்காமல் இரண்டு பிஞ்சு கொடுத்தார். கண்டக்டர் தன் தண்ணீர் கேனைப் பின்சீட்டு வரை அனுப்பிவிட்டார். வெயிலில் இப்படி மக்களை நிறுத்திவைத்துவிட்டு அவர்களிடமே ஓட்டுக் கேட்பதைக் கட்சிகள் என்றைக்காவது நிறுத்த வேண்டும். எனக்கு உண்மையிலேயே கோபமாக இருந்தது.

ஆண்டிபட்டியில் இறங்கும்போது மணி ஒன்று. மெஸ்ஸில் சாப்பாடு எண்பது ரூபாய். மொச்சைக் குழம்பு அவ்வளவு ருசி. கேட்காமலேயே இரண்டாம் முறை ஊற்றினார்கள்.

இந்த ஊரைப் பார்க்க நான் வந்ததற்குக் காரணம் 1984. அந்த அக்டோபரில் எம்.ஜி.ஆர். உடல்நலம் கெட்டு சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். பிறகு அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 24 தேர்தல். வேட்பாளர் ஒரு நாள்கூட ஊருக்குள் கால் வைக்கவில்லை. ஆண்டிபட்டி அவரை ஜெயிக்க வைத்தது. அவர் மருத்துவமனையில் இருக்கும் காட்சிகள் தமிழ்நாடு முழுக்கத் திரையிடப்பட்டன. எம்.ஜி.ஆர். கடைசியாக வாக்குக் கேட்டதும் திரையில்தான்.

சக்கம்பட்டியில் தறி வீடு ஒன்றின் திண்ணையில் நிழலுக்கு ஒதுங்கினேன். பாவு பிணைத்துக்கொண்டிருந்த அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீடியோவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “டெக்கு வாடகைக்கு எடுத்து, தெருவுல டி.வி. வச்சுப் போட்டாங்க. அவரு சாப்பிடுறாரு, சிரிக்கிறாரு. உசுரோட இருக்காருன்னு அதப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். நாங்க பூரா அழுதுட்டோம்” என்றார்.

“அடுத்த தேர்தல்ல ஜானகி அம்மா நின்னாங்களே?”

“தோத்துட்டாங்கல்ல” என்றார், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆம். 1989-இல் எம்.ஜி.ஆரின் மனைவி, முதலமைச்சராகவும் சில வாரங்கள் இருந்தவர், இதே ஆண்டிபட்டியில் தோற்றார். ஜெயித்தது தி.மு.க. நேரில் வராத எம்.ஜி.ஆருக்குப் போட்ட ஓட்டை, நேரில் வந்து கேட்ட அவர் மனைவிக்கு ஊர் போடவில்லை. பிறகு 2002 இடைத்தேர்தலிலும் 2006-இலும் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்ததும் இதே ஊர்தான். 2002-இல் அவருக்காக இந்தத் தொகுதியை விட்டுக்கொடுத்தவர் தங்க தமிழ்ச்செல்வன். அவர்தான் இப்போது தேனியில் தி.மு.க. வேட்பாளர். எதிரே குக்கர் சின்னத்தில் டி.டி.வி.தினகரன். தெருவில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தன. இரண்டும் சினிமா மெட்டில் வரிகளை மாற்றிப் பாடின. டீக்கடையில் இருந்தவர்கள் இரண்டுக்கும் கால் தாளம் போட்டார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு: போடி, பண்ணைப்புரம்

சித்திரை ஒன்று. அம்பேத்கர் பிறந்தநாளும்கூட. தேனியிலிருந்து போடி போகும் வழியெல்லாம் சிலைகளுக்கு மாலை; எல்லாக் கட்சி வேட்டிகளும் வரிசையில் நின்றன.

போடிநாயக்கனூர் பஸ் நிலையத்தில் இறங்கினாலே ஏலக்காய் வாசனை. டீயிலும் தாராளமாகத் தட்டிப் போடுகிறார்கள், பன்னிரண்டு ரூபாய்தான். மலை அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது. போடிமெட்டுச் சாலையில் லாரிகள் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

1989-இல் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது இந்தப் போடியிலிருந்து. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. அவருக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஜானகி அணி போடியில் அவரை எதிர்த்து நிறுத்தியது வெண்ணிற ஆடை நிர்மலாவை. 1965-இல் ‘வெண்ணிற ஆடை’ படத்தில் ஜெயலலிதாவும் நிர்மலாவும் ஒன்றாகத்தான் தமிழ்த் திரைக்கு வந்தார்கள். இருபத்து நான்கு வருடம் கழித்து, சென்னை ஸ்டூடியோவிலிருந்து இத்தனை தூரத்தில், ஏலக்காய் காயும் ஊரில், இருவரும் எதிரெதிரே ஓட்டுக் கேட்டு நடந்திருக்கிறார்கள். சுற்றியிருந்த கூட்டம் இருவரையும் திரையில் பார்த்து வளர்ந்த கூட்டம். அந்தக் காட்சியை நேரில் பார்த்தவர்கள் மேல் எனக்குப் பொறாமைதான்.

அப்புறம் தேவாரம் வழியாகப் பண்ணைப்புரம். இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த இடம். இளையராஜா பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜனைத் தேட வேண்டியிருந்தது.

பாவலர் கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைப் பாடகர். ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போய், ஜனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் கட்சிக்கான வரிகளைப் பொருத்திப் பாடுவார். 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தது. கேரளத்தில் கம்யூனிஸ்ட் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தத் தொகுதி அவருக்கு மிக முக்கியம். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தொழிலாளர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களுக்குத் தமிழில் பாடி ஓட்டுக் கேட்கப் போனவர் பாவலர். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்தப் பாவலரின் குழுவில் சின்னப் பையனாகச் சேர்ந்தவர்தான் ராசய்யா, பின்னாளில் இளையராஜா. 1976-இல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பு, அவர் இசை கேட்ட முதல் ஜனம் தேர்தல் மேடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வந்த ஜனம்.

டீக்கடை பெஞ்சில் எண்பதைத் தொடும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட் வேலைக்குப் போய்வந்தவர். பாவலரின் பெயரைச் சொன்னதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பெஞ்சில் வலது கையின் மூன்று விரலால் தாளம். இடது கை ஆர்மோனியத்தின் துருத்தியை இழுப்பதுபோல முன்னும் பின்னும் போனது. மெட்டை மட்டும் முனகினார்; வரி மறந்துவிட்டது. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்ப்பதுபோல எதிர்க் கடையைப் பார்த்தார். “இங்க நிறுத்துவாரு. ஜனம் சிரிக்கும். சிரிச்சு முடிச்சப்புறம்தான் அடுத்த அடி” என்றார். அறுபது வருடத்துக்கு மேலாகியும் பாட்டில் இடைவெளி எங்கே வரும் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

அதே வீட்டிலிருந்து கங்கை அமரன் 2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு பா.ஜ.க. வேட்பாளராக அறிவிக்கப்பட்டார், 2022-இல் இளையராஜா மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினரானார். பாவலரின் தம்பிகள் இப்படிப் போகலாமா என்று கோபப்படும் நண்பர்கள் எனக்கு உண்டு. பெரியவரிடம் கேட்டேன். “அண்ணன் வழி அண்ணனுக்கு, தம்பி வழி தம்பிக்கு. பாட்டு எல்லாருக்கும்” என்றார். என் எண்ணமும் அதுதான். எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு: பாவலரின் பாடல்கள் முழுவதையும் தேடிப் பதிவு செய்து, எல்லோரும் கேட்கும்படி வைக்க வேண்டும். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வருசப் பொறப்பு அன்னிக்கு வெறும் டீயக் குடிச்சிட்டுப் போவீகளா” என்று ஒரு கிண்ணம் பருப்புப் பாயசமும் மாங்காய்ப் பச்சடியும் கொண்டுவந்தார். யார், எந்த ஊர் என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஏப்ரல் 15, திங்கள்: விருதுநகர்

ஆண்டிபட்டிக் கணவாய் அருகே தேர்தல் பறக்கும் படை பஸ்ஸை நிறுத்தியது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கையில் ரொக்கம் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். ஒருவர் வீடியோ எடுக்க, ஓர் அம்மா ஒவ்வொரு பையாகப் பார்த்தார். என் பையில் இருந்த பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டி, “எங்கப்பாகிட்ட இது கட்டுக்கட்டா இருந்துச்சு சார்” என்றார். நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லையாம். கண் சிவந்திருந்தது, பேச்சில் மட்டும் எரிச்சலே இல்லை.

விருதுநகரில் அறை கிடைக்கவில்லை. எல்லா லாட்ஜிலும் வெளியூர்க் கட்சிக்காரர்கள். ஒரு லாட்ஜில், முன்தினம் போனில் உறுதி சொன்ன அறையையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். நாற்பது டிகிரி வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தலை சுற்றியது. பரோட்டாக்கடை அண்ணாச்சி ஒருவர் முதலில் எலுமிச்சைச் சாறு கொடுத்து உட்காரவைத்தார். பிறகு தனக்குத் தெரிந்த கல்யாண மண்டபத்தின் மாடி அறைக்குப் போன் போட்டுச் சொன்னார். நானூறு ரூபாய், மின்விசிறி உண்டு. “ராத்திரி சாப்பிட இங்க வந்துருங்க” என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

போனேன். இந்த ஊர் எண்ணெய்ப் பரோட்டாவைச் செய்யும்போதே பார்க்க வேண்டும். அகலக் கல்லின் நடுக்குழியில் எண்ணெய் கொதிக்கிறது. உள்ளங்கை அளவு பரோட்டாக்கள் அதில் மிதந்து பொன்னிறமாகின்றன. மாஸ்டர் ஓரத்துக்கு இழுத்து எண்ணெய் வடியவிட்டு, இலையில் போட்டதும் கையாலேயே நொறுக்குகிறார். மேலே சால்னா. மேல்பக்கம் ஊறிப்போய், அடியில் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மூன்று பரோட்டாவும் ஒரு சுக்காவும், இருநூறு ரூபாய்க்குள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தெருவில் முரசு சின்ன வண்டி. முன்பக்கம் முழுக்க விஜயகாந்தின் படம். தே.மு.தி.க. சார்பில் அவர் மகன் விஜய பிரபாகரன் இங்கே நிற்கிறார். கேப்டன் இறந்தது போன டிசம்பர் 28. நான்கு மாதம்கூட ஆகவில்லை. கடையில் இருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று வழக்கமாக்கியவர், நடிகர் சங்கத்தின் கடனை அடைத்தவர் என்றெல்லாம் பேச்சு ஓடியது. அவர் கட்சி தொடங்கியதும் பக்கத்து மதுரையில்தான், 2005-இல். 2006-இல் தன்னந்தனியாக விருத்தாசலத்தில் ஜெயித்து, 2011-இல் 29 உறுப்பினர்களோடு எதிர்க்கட்சித் தலைவரானார்.

அடுத்து வந்தது தாமரை வண்டி. ராதிகா சரத்குமார். விஜயகாந்தோடு ‘பூந்தோட்டக் காவல்காரன்’ போன்ற படங்களில் ஜோடியாக நடித்தவர், அவர் மகனை எதிர்த்து நிற்கிறார். இருவருக்கும் எதிரே காங்கிரஸின் மாணிக்கம் தாகூர்.

இந்த ஊரில் நின்றுகொண்டு ராதிகாவின் பெயரைக் கேட்டால் எனக்கு 1967-ஐ நினைக்காமல் இருக்க முடியாது. அந்த ஜனவரி 12-இல் ராதிகாவின் தந்தை எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். ராதா பெரியாரின் தொண்டர். அந்தத் தேர்தலில் காமராஜருக்காக நின்றவர். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். கைகூப்பும் படம் சுவரொட்டியாகி ஊர் ஊராக ஒட்டப்பட்டது. எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியிலிருந்தே பரங்கிமலையில் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. இங்கே, சொந்த ஊரான விருதுநகரில், காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன்.

அந்தத் தோல்விக்கு சினிமாச் சுவரொட்டிதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அரிசித் தட்டுப்பாடு இருந்தது, 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிந்திய ரத்தம் காயவில்லை, ஒன்றாகச் சேர்ந்த எதிர்க்கட்சிகளின் கணக்கு இருந்தது. அண்ணாச்சி ஒரே வரியில் முடித்தார்: “எங்க அப்பா காமராசரை எதுத்து ஓட்டுப் போட்டுட்டு, ராத்திரி சாப்பிடாமப் படுத்தாராம்.” பசியும் கோபமும் ஓட்டைப் போட வைத்திருக்கின்றன. மனசில் இருந்த பிரியத்தை அவை அழிக்கவில்லை.

தமிழர்கள் நடிகனைப் பார்த்து மயங்கி ஓட்டுப் போடுகிறவர்கள் என்று படித்தவர்கள் பேசும்போது எனக்கு ஆத்திரம் வரும். சிவாஜியைவிடப் பெரிய நடிகர் யார்? 1989-இல் திருவையாறு அவரைத் தோற்கடித்தது. கமல்ஹாசனை 2021-இல் கோவை தெற்கு 1,728 ஓட்டில் திருப்பி அனுப்பியது. அவர்கள் படத்தைப் பார்க்க அதே ஊர்கள் வரிசையில் நின்றன, இனியும் நிற்கும். ரசிகனுக்கு நெஞ்சு ஒன்று, கணக்கு ஒன்று. இரண்டையும் அவன் குழப்பிக்கொள்வதில்லை என்பதைத்தான் மதுரையிலிருந்து ஊருக்கு ஊர் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்: சிவகாசி

காலையில் காமராஜர் வீடு. சின்ன வீடு, குறுகின சந்து. அவர் உடுத்திய சட்டை வேட்டிகளின் முன்னால் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்த அப்பா ஒருவர் மெதுவான குரலில் மதிய உணவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சிவகாசி. நேற்றைய அலைச்சல் வயிற்றைக் கலக்கியிருந்ததால் பாதி நாள் அச்சகம் ஒன்றின் நிழலிலேயே போய்விட்டது.

அங்கே வேலை பார்க்கும் தம்பி, ஒரு கட்டுத் தேர்தல் சுவரொட்டியிலிருந்து ஒன்றை உருவி விரித்தார். மை இன்னும் லேசாக ஒட்டியது. அடியில் எறும்பு வரிசைபோல ஒரு வரி: அச்சிட்டவர், வெளியிட்டவர், அவர்கள் முகவரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ-இன்படி இந்த வரி இல்லாமல் தேர்தல் சுவரொட்டி வெளியே போகக் கூடாது. நானும் எத்தனையோ சுவரொட்டியைப் பார்த்திருக்கிறேன். தலைவரின் முகத்தைத் தாண்டிக் கண் கீழே போனதே இல்லை. அந்த வரிதான் அவருக்கு முக்கியம். “முகம் கொஞ்சம் மங்கினாக்கூட விட்டுருவாங்கண்ணே. இந்த வரி மங்குனா மொத்தக் கட்டும் வீண்” என்றார்.

அதே மிஷினில் முருகன் காலண்டரும் படச் சுவரொட்டியும் கட்சிச் சுவரொட்டியும் மாறி மாறி ஓடுமாம். இப்போது போன் வழியாகவே படங்கள் போய்விடுவதால் தேர்தல் வேலை முன்னைப்போல் இல்லை என்று வருத்தப்பட்டார். சுவரில் ஒட்டிய படத்தின் முன்னால் நான்கு பேர் நின்று வாதம் செய்வார்கள். போனில் வரும் படத்தை அவரவர் தனியாகப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வாதம் போவதுதான் எனக்கும் வருத்தம்.

சாத்தூர்க் காராச்சேவு கால் கிலோ வாங்கினேன். வயிறு சரியில்லாததால் வாசனை பிடித்ததோடு சரி.

ஏப்ரல் 17, புதன்: அருப்புக்கோட்டை, திருப்பரங்குன்றம்

1977-இல் எம்.ஜி.ஆர். ஜெயித்து முதலமைச்சரானது அருப்புக்கோட்டையிலிருந்து. பஸ் நிலையத்துக்கு எதிரே அரை மணி நேரம் நின்றேன். நான்கு கட்சி வண்டிகள் போயின. நாம் தமிழருக்கு இம்முறை சின்னமே மைக். அந்த வண்டியில் மைக் பிடித்த பெண், மைக்கையே சின்னமாகக் காட்டிப் பேசினார். ஒரு சர்பத்தும் பத்து ரூபாய்க்கு நுங்கும் குடித்துவிட்டு மதுரை பஸ் ஏறினேன்.

கடைசி மணி நேரம் திருப்பரங்குன்றத்தில். சட்டமன்றத் தொகுதியாக இதுவும் விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகிறது. மாலை ஐந்தரைக்கு மேல் எல்லாக் கட்சிகளும் உச்ச ஸ்தாயியில். ஒரு சந்திப்பில் மூன்று வண்டிகள், மூன்று பாட்டு. அதற்கு நடுவில் ஒரு டீக்கடையில், 1984-இல் விஜயகாந்துக்காக இளையராஜா போட்டு ஜெயச்சந்திரன் பாடிய ‘ராசாத்தி உன்ன’ மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பண்ணைப்புரத்து மெட்டு, மதுரைக்காரரின் முகம். கடைக்காரர் ஓட்டுக்காகப் போடவில்லை. “கேப்டன் போனதுலேர்ந்து தினம் ஒரு தடவை போடுறேன்” என்றார். யாருக்கு ஓட்டு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே டீயை நீட்டினார்.

ஆறு மணிக்கு எல்லாம் நின்றது. மைக்செட் பையன்கள் இரண்டு பேர் வண்டியிலிருந்து குழாய்களை அவிழ்த்து, வயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே சுற்ற ஆரம்பித்தார்கள். இனி ஓய்வா என்றேன். “ஏதுண்ணே ஓய்வு. 21-ஆம் தேதி திருக்கல்யாணம், 23-ஆம் தேதி அழகர் ஆத்துல இறங்குறாரு. இதே குழாய்தான், அன்னதானப் பந்தலுக்குப் புக் ஆகியிருக்கு” என்றார்கள். இரவு பஸ்ஸில் சென்னை. 19-ஆம் தேதி ஓட்டுப் போட வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்: சென்னை

நாள் குறிப்பை இத்தோடு முடித்துவிடலாம் என்று வைத்திருந்தேன். இன்றைய எண்ணிக்கைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. விருதுநகரில் மாணிக்கம் தாகூரும் விஜய பிரபாகரனும் நாள் முழுக்க முன்னும் பின்னுமாக வந்தார்கள். கடைசியில் தாகூர் 4,379 ஓட்டில் ஜெயித்தார். ராதிகா மூன்றாமிடம். தேனியில் தங்க தமிழ்ச்செல்வன். நான் போன ஊர்களில் கேப்டனின் படத்துக்கு எழுந்து நின்றவர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் முரசுக்குப் போட்டார்கள், எத்தனை பேர் கைக்குப் போட்டார்கள் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும்.

பரோட்டாக்கடை அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பின்னால் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் பலமாகக் கேட்டது. “காலைலேர்ந்து டி.வி. முன்னாடியே உட்கார்ந்துட்டோம். மாவு பிசைய ஆளே வரலை. இப்பத்தான் கடையைத் திறந்தோம், கூட்டம் அள்ளுது” என்றார். எந்தக் கட்சிக்காரர்கள் அதிகம் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“ரெண்டு பேரும்தான். ஒரே பெஞ்சுல உட்கார்ந்து சாப்பிடுறாங்க. வைக்கட்டுமா, சால்னா ஊத்தணும்” என்று வைத்துவிட்டார்.